தோற்றவர் போடும் கையெழுத்து

2019 ஏப்ரல் 18 அன்று மதுரையில் சித்திரைத் தேரோட்டம். அதே நாளில்தான் நாடாளுமன்றத் தேர்தலும் வந்தது. நான்கு மாசி வீதிகளையும் தேர் சுற்றி வரும்போது, அந்த வீதிகளிலேயே இருக்கும் பள்ளிகளுக்கு ஜனங்கள் எப்படி வந்து ஓட்டுப் போடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. கடைசியில் தேர்தல் ஆணையம் மதுரைத் தொகுதிக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தது. மாலை ஆறு மணிக்கு முடிய வேண்டிய வாக்குப்பதிவு எங்களுக்கு இரவு எட்டு மணி வரை நீண்டது.

அன்று நான் ஒரு வாக்குச்சாவடியில் தலைமை அலுவலர். அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறவள். தேர்தல் வேலை எனக்குப் புதிதில்லை, ஆனால் அந்த நாளின் அலுப்பு இன்னும் உடம்பில் இருக்கிறது. முதல் நாள் மதியமே இயந்திரங்களை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தோம். இரவு வகுப்பறைத் தரையில் படுக்கை. விடியற்காலை ஏஜெண்டுகளை உட்கார வைத்து, மாதிரி வாக்குப்பதிவுக்கு ஐம்பது ஓட்டுப் போட்டுக் காட்டி, அதை அழித்து, பச்சை நிறக் காகித முத்திரையில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, ஏழு மணிக்குக் கதவைத் திறந்தோம். அப்புறம் பதின்மூன்று மணி நேரம். தேர் நிலைக்கு வந்த பிறகு சாயங்காலம் வரிசை திரும்பவும் நீண்டது. நெற்றியில் குங்குமத்தோடு, கையில் பூப்பந்தோடு, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

எட்டு மணிக்கு வரிசையில் நின்றவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து டோக்கன் கொடுத்து, அவர்களும் போட்டு முடித்ததும் முடிக்கும் பட்டனை அழுத்தினேன். மொத்தம் எத்தனை ஓட்டு என்று இயந்திரம் காட்டியது. அதை 17சி படிவத்தில் எழுதி, ஏஜெண்டுகளுக்கு ஆளுக்கு ஒரு நகல் கொடுக்க வேண்டும். அந்தப் படிவம்தான் அவர்கள் கையில் இருக்கும் சாட்சி. பல வாரம் கழித்து எண்ணும்போது அந்த இயந்திரத்தில் வேறு எண்ணிக்கை வந்தால், அந்தத் தாளை எடுத்து நீட்டலாம்.

ஏஜெண்டுகளில் ஓர் இளைஞர் இருந்தார். இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருக்கலாம். அந்தப் பகுதியில் அவருடைய கட்சிக்குப் பெரிதாக ஓட்டு இல்லை என்பது காலையிலிருந்தே எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் காலை ஆறு மணியிலிருந்து இடத்தை விட்டு நகரவில்லை. படிவத்தை வாங்கி, எண்களை விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பக்கத்தில் இருந்த எதிர்க்கட்சி ஏஜெண்டிடம் பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நகலை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “பெஞ்ச உள்ள போட்டுரவா டீச்சர்?” என்று கேட்டார்.

அந்த நிமிஷம் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

அப்பாவும் ஆசிரியர். மேலூரைச் சுற்றியுள்ள ஒன்றியப் பள்ளிகளிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் வாக்குச்சீட்டு, இரும்புப் பெட்டி, நூல், அரக்கு. தேர்தல் முடிந்து விடிகிற நேரத்தில் வீட்டுக்கு வருவார். சட்டையில் அரக்குக் கருகிய வாடை அடிக்கும். அம்மா காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, “யாரு செயிப்பாக?” என்று கேட்பார். அப்பா ஒரு நாளும் அதற்குப் பதில் சொன்னதில்லை. “எல்லாரும் கையெழுத்துப் போட்டாய்ங்க” என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும். சிறுபிள்ளையில் எனக்கு அது விளங்கவில்லை. ஒருமுறை கேட்டேன். “செயிக்கிறவன் சிரிச்சுக்கிட்டே போடுவான் ஆத்தா, அதுல ஒண்ணுமில்ல. தோக்கப் போறோம்னு தெரிஞ்சவன் போட்டுட்டு, எங்கூட ஒரு டீயும் குடிச்சுட்டு வீட்டுக்குப் போறான் பாரு, அதுதேன் எலெக்சன்” என்றார்.

உலகத்தில் எந்த மூலையில் தேர்தல் நடந்தாலும், எந்த மூலையில் சண்டை மூண்டாலும், நான் முதலில் தேடுவது அதைத்தான். தோற்றவர் என்ன செய்தார்? அவர் வீட்டுக்குப் போனாரா? போக முடிகிற மாதிரி அந்த நாட்டின் விதி இருக்கிறதா?

அப்பாவின் பாடம் எனக்குள் இறங்கியது ஒரு கொடுமையால். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்து ஊர். மனுத் தாக்கல் செய்தவர்களை மிரட்டி விலக வைத்தார்கள். வாக்குப்பதிவு நடந்தபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைசியில் டிசம்பர் 31 அன்று பலத்த காவலோடு தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். ஆறே மாதம். 1997 ஜூன் 30 அன்று அவர் வந்த பேருந்தை மறித்து, அவரோடு சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. ரேடியோவும் போடவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் இன்னும் பல வருஷம் தேர்தலே முறையாக நடக்கவில்லை. மனுப் போட ஆள் வராது. வந்து ஜெயித்தவர்கள் உடனே ராஜினாமா செய்ய வைக்கப்படுவார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே ஒழுங்காகத் தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். அதனால், கென்யாவிலோ பாகிஸ்தானிலோ தேர்தல் கலவரம் என்று படிக்கும்போது “அந்த நாட்டு ஆளுங்களே அப்படித்தான்” என்று யாராவது சொன்னால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. தோல்வியை ஏற்க மறுப்பது எந்த நாட்டுக்கும் தனிச்சொத்து இல்லை. என் மாவட்டத்தில் அதற்கு ஆறு உயிர் போயிருக்கிறது.

சரி, ரேடியோவைச் சொன்னேன். வீட்டில் ராத்திரி ஒன்பதே காலுக்குப் பிபிசி தமிழோசை ஒலிக்கும். இரண்டாம் உலகப் போரின் நடுவில் 1941இல் தொடங்கிய ஒலிபரப்பு அது. சிற்றலை இரைச்சலுக்கு நடுவே லண்டனிலிருந்து நம் மொழியில் ஒருவர் நிதானமாகப் பேசுவதைக் கேட்க அப்பா காதைப் பெட்டியோடு ஒட்டிக்கொள்வார். எதிர்ச் சுவரில் துணி ஒட்டிய உலக வரைபடம் ஒன்று தொங்கும். சோவியத் ஒன்றியம் 1991இல் உடைந்த பிறகு, இனி இது உதவாது என்று பள்ளியில் ஒதுக்கிப் போட்டதை அப்பா கேட்டு வாங்கி வந்திருந்தார். ஓர் ஊர்ப் பெயர் செய்தியில் வந்தால் நான் எழுந்து போய் அதைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

உலகச் சண்டையைக் காதால் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாமெல்லாம். கெட்டிக்காரத்தனமும் துணிச்சலும் உள்ளவனை நம் பக்கத்தில் எம்டன் என்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பலின் பெயர் அது. தினத்தந்தி 1942இல் முதலில் அச்சானது இதே மதுரையில், போர்ச்செய்திக்கு ஜனங்கள் ஏங்கிக் கிடந்த காலத்தில். டீக்கடையில் ஒருவர் சத்தமாக வாசிக்க நாலு பேர் கேட்ட ஊர் இது.

அப்பா திரும்பத் திரும்பச் சொல்லும் கதை 1970 பாகிஸ்தான் தேர்தல். அந்த டிசம்பரில் இன்றைய பங்களாதேஷான கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொதுத் தொகுதிகளில் 160ஐ அவாமி லீக் பிடித்தது. மேற்கில் ஓரிடமும் இல்லை. ஆனாலும் முழு நாட்டுக்கும் சேர்த்து அதற்குத்தான் பெரும்பான்மை. கணக்குப்படி அதன் தலைவர் முஜிபுர் ரகுமான் பிரதமராகியிருக்க வேண்டும். மேற்கிலிருந்த ராணுவ ஆட்சிக்கும் அங்கே அதிக இடம் பிடித்த பூட்டோவுக்கும் அந்தக் கணக்கு ஒப்பவில்லை. 1971 மார்ச் 3இல் கூட வேண்டிய அவையை மார்ச் 1 அன்று தள்ளிப்போட்டார்கள். மார்ச் 25 இரவு டாக்காவில் ராணுவம் இறங்கியது. சுமார் ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். எத்தனை லட்சம் பேர் செத்தார்கள் என்பதில் இன்றுவரை சண்டை ஓயவில்லை. டிசம்பர் 16 அன்று டாக்கா குதிரைப் பந்தயத் திடலில் ஒரு மேசையைப் போட்டு, பாகிஸ்தான் தளபதி நியாசி சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். “மார்ச்சுல போட்டிருந்தா ஒரு கையெழுத்தோட போயிருக்கும்” என்பார் அப்பா.

அதே மண்ணில் 2024 ஜனவரியில் நடந்த பங்களாதேஷ் தேர்தலைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. முக்கிய எதிர்க்கட்சி புறக்கணித்துவிட்டது. ஆளும் கட்சி எளிதாக வென்றதாகச் செய்தி. எதிரில் தோற்பதற்கு ஆளே உட்காரவில்லை என்றால் எந்த ஏஜெண்டு எதில் கையெழுத்துப் போடுவார்? ஏழே மாதம் கழித்து, ஆகஸ்ட் 5 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா ஹெலிகாப்டரில் நாட்டை விட்டுப் போனார்.

இலங்கைக் கதைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிறுத்தித்தான் சொல்ல வேண்டும். நம்மில் பலருக்கு இலங்கைப் போர் 1983 ஜூலையில் தொடங்குகிறது. நான் வகுப்பில் 1977 தேர்தலிலிருந்து தொடங்குவேன்.

அந்தத் தேர்தலில் ஜெயவர்த்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சி பாதிக்குச் சற்று மேலான ஓட்டு வாங்கியது. கிடைத்த இடமோ 168இல் 140. சுமார் முப்பது விழுக்காடு ஓட்டு வாங்கிய சுதந்திரக் கட்சிக்கு எட்டே இடம். நம் ஊரில் இருப்பது போலத் தொகுதிக்கு ஒருவர், அதிக ஓட்டு வாங்கியவருக்கே இடம் என்ற முறை. அதனால் 18 இடம் பிடித்த தமிழர் விடுதலைக் கூட்டணி எதிர்க்கட்சியானது. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். வெளியிலிருந்து பார்த்தால் தமிழருக்குப் பெருமை. உள்ளே பார்த்தால் ஆபத்து. ஆறில் ஐந்து பங்கு இடம் ஒரே கையில் இருந்தால் அந்தக் கைக்கு அரசியலமைப்பே களிமண் மாதிரி. 1978இல் புது அரசியலமைப்பு வந்தது, எல்லா அதிகாரமும் உள்ள ஜனாதிபதிப் பதவி வந்தது.

1981இல் மாவட்ட சபைத் தேர்தல் நேரத்தில் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். ஏறக்குறைய 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. தேர்தல் பாதுகாப்புக்கென்று ஆட்கள் குவிக்கப்பட்டிருந்த நாட்களில் அது நடந்தது என்பதை நான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வதுண்டு.

அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் 1983இல் வர வேண்டும். விகிதாசார முறைக்கு மாறியிருந்ததால், இன்னொரு தடவை ஆறில் ஐந்து பங்கு கிடைக்காது என்பது ஜெயவர்த்தனாவுக்குத் தெரியும். 1982 அக்டோபரில் ஜனாதிபதித் தேர்தலில் வென்ற கையோடு, தன் கட்சி உறுப்பினர்கள் எல்லோரிடமும் தேதி போடாத ராஜினாமாக் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டார். அப்புறம் தேர்தலுக்குப் பதிலாக ஒரு வாக்கெடுப்பு வைத்தார். இருக்கிற நாடாளுமன்றமே இன்னும் ஆறு வருஷம் தொடரட்டுமா? வேண்டும் என்றால் விளக்குச் சின்னம், வேண்டாம் என்றால் குடம். டிசம்பர் 22. சுமார் 54.7 விழுக்காட்டுடன் விளக்கு வென்றது. யாழ்ப்பாணம் பெருவாரியாகக் குடத்துக்குப் போட்டது. ஏழு மாதத்தில் தமிழருக்கு எதிரான கறுப்பு ஜூலைக் கலவரம். அடுத்த மாதமே ஆறாவது திருத்தம் வந்தது. பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்யாதவருக்கு அவையில் இடமில்லை என்றானது, கூட்டணி உறுப்பினர்கள் இருக்கைகளை இழந்தார்கள். தமிழர் ஓட்டுப் போட்டு அனுப்பிய குரலுக்குச் சபையில் நாற்காலி இல்லாமல் போன பிறகு, துப்பாக்கி தூக்கிய பையன்களிடம் “பொறுங்கள்” என்று சொல்ல யாருக்கு வாய் இருந்தது? ஆயுதம் எடுத்தவர்கள் பின்னாளில் செய்த எல்லாவற்றுக்கும் இதை நியாயமாகச் சொல்ல மாட்டேன். 2005 ஜனாதிபதித் தேர்தலை வடக்கில் புறக்கணிக்க வைத்தது புலிகள்தான். யாழ் மாவட்டத்தில் விழுந்த ஓட்டு சுமார் ஒன்றேகால் விழுக்காடு. ராஜபக்ச வென்ற வித்தியாசம் ஏறக்குறைய 1,80,000 ஓட்டு. நாலு வருஷத்தில் முள்ளிவாய்க்கால். ஓட்டைப் பறித்தது எந்தப் பக்கத்துக் கையாக இருந்தாலும் விலையைக் கொடுத்தது அதே ஜனங்கள்தான்.

அதனால் 2024 செப்டம்பரில் கொழும்பிலிருந்து வந்த செய்தி எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதி வரவில்லை. அனுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 விழுக்காடு. அந்த நாட்டு வரலாற்றில் முதல்முறையாக இரண்டாம் விருப்ப ஓட்டுகளை எண்ணினார்கள். மூன்றாமிடத்துக்குப் போன ரணில் விக்கிரமசிங்க, ஆட்சியில் இருந்தவர், அதை அனுரவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் யாழ் மாவட்டத்திலேயே அனுரவின் தெற்கத்திக் கட்சி முதலிடம் பிடித்தது. அதை நல்லது என்றோ கெட்டது என்றோ நான் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல விரும்பவில்லை. எண்ணினார்கள், ஏற்றுக்கொண்டார்கள். அன்று ராத்திரி அப்பா இருந்திருந்தால் ரேடியோவை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

அதே நவம்பரில் அமெரிக்கத் தேர்தல். டீக்கடையில் ஒரு பெரியவர் “மன்னார்குடிப் பக்கத்துப் புள்ள தோத்துருச்சாம்ல டீச்சர்” என்று வருத்தப்பட்டார். கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரம் அங்கேதான். ஊர்க்காரர்கள் கோயிலில் பூசை வைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். எனக்கு அவர் தோற்றதைவிட 2025 ஜனவரி 6 முக்கியமான நாள். அமெரிக்கத் துணைத் தலைவர்தான் செனட்டின் தலைவர் என்பதால், மாநிலங்களிலிருந்து வந்த தேர்வாளர் வாக்குகளை எண்ணும் கூட்டத்துக்கும் அவரே தலைமை. கமலா அந்த மேடையில் நின்று 312 என்று டிரம்பின் எண்ணையும் 226 என்று தன் எண்ணையும் வாசித்தார். அரைமணி நேரத்தில் முடிந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால், இதே தேதியில், இதே கூட்டத்தை நடத்த விடாமல் டிரம்ப் ஆதரவாளர்கள் கட்டடத்துக்குள் புகுந்து உடைத்தார்கள். எண்ணிக்கை முடிய மறுநாள் விடியற்காலை ஆனது.

2001 ஜனவரி 6ஐயும் சொல்ல வேண்டும். 2000 தேர்தலில் நின்ற அன்றைய துணைத் தலைவர் அல் கோருக்குப் புளோரிடாவில் 537 ஓட்டில் எல்லாம் போனது. நாடு முழுவதும் எண்ணினால் புஷ்ஷைவிட அவருக்குத்தான் அதிக ஓட்டு. மறு எண்ணிக்கையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது. அன்று அவர் மேடையில் தலைமை தாங்க, அவருக்காகவே கறுப்பின உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து புளோரிடா முடிவை எதிர்த்தார்கள். எதிர்ப்பு மனுவில் குறைந்தது ஒரு செனட்டராவது கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. ஒருவர்கூடப் போடவில்லை. கையெழுத்து இல்லாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை என்றார் ஓர் உறுப்பினர். விதிக்குக் கவலை இருக்கிறதே என்றார் கோர். தனக்காகப் பேச வந்தவர்களைத் தன் வாயாலேயே உட்கார வைத்தார். அவர் செய்தது சரியா, புளோரிடாவில் விடுபட்ட கறுப்பின வாக்காளர்களுக்கு அது நியாயமா என்று எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. ஆனால் அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு அந்த மதுரை இளைஞர் விரல் வைத்துப் படிவத்தைச் சரிபார்த்ததுதான் கண்ணில் வரும்.

அப்பாவின் அளவுகோல் எல்லாச் சண்டைக்கும் போதாது என்று எனக்குக் காட்டியது உக்ரைன். 2019 ஏப்ரலில் ஸெலென்ஸ்கி 73 விழுக்காடு வாங்கினார். அதிபராக இருந்த பொரோஷென்கோ வாக்குப்பதிவு முடிந்த இரவே தோல்வியை ஒப்புக்கொண்டார். சோவியத்திலிருந்து பிரிந்த நாடுகளில் அது சாதாரண விஷயம் இல்லை. தோற்கத் தெரிந்த அந்த நாட்டின் மேல்தான் 2022 பிப்ரவரி 24 அன்று குண்டு விழுந்தது. போட்டது, யாரும் தன்னைத் தோற்கடிக்க விடாத ஆட்சி. 2024 மார்ச்சில் ரஷ்யாவில் புடினுக்கு 87 விழுக்காடு என்று அறிவித்தார்கள். போரை எதிர்த்து நிற்க வந்தவரின் மனுவை ஏற்கவேயில்லை. வீட்டுக்குள் தோல்வியைப் பார்க்காத ஆட்சிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தோற்றுப் பழகியிருந்து என்ன பயன்?

அந்தப் பிப்ரவரியில் என் பழைய மாணவன் ஒருவன் கார்கிவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியப் பிள்ளைகள் அப்போது அங்கே. மெட்ரோ ரயில் நிலையத்துக்குள் படுத்திருக்கிறேன் என்று அவன் அனுப்பிய குரல்பதிவை அவன் அம்மா என்னிடம் போட்டுக் காட்டினார். அவருக்கு ஊர்ப் பெயர்கள் புரியவில்லை. அப்பாவின் பழைய படத்தில்தான் காட்டினேன். அதில் உக்ரைன் இன்னும் சோவியத்துக்குள்ளே இருக்கிறது. கார்கிவிலிருந்து ரஷ்ய எல்லை எவ்வளவு பக்கம் என்று விரலால் அளந்து பார்த்த அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மார்ச் 1 அன்று கர்நாடக மாணவர் ஒருவர் அங்கே கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, பெயர் தெரியும்வரை அந்த வீட்டில் அடுப்புப் பற்றவில்லை. பையன் போலந்து வழியாக வந்து சேர்ந்தான்.

அந்த நாட்களில் ஒரு செய்திச் சேனல் போரை எப்படிக் காட்டியது என்பதை என்னால் மறக்க முடியவில்லை. கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி இரண்டு பக்கமும் எண்கள், பின்னால் பறை முழக்கம், “மூன்றாம் உலகப் போர் தொடங்கியதா?” என்று சிவப்பு எழுத்து. வாட்ஸப்பில் வீடியோ கேம் காட்சியை உண்மையான விமானத் தாக்குதல் என்று அனுப்பினார்கள், என் வகுப்புப் பிள்ளைகளே அனுப்பினார்கள். கோபப்பட்டுப் பயனில்லை என்பதால் ஒரு பாடவேளையையே அதற்கு ஒதுக்கினேன். அந்தப் படத்தில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, கடைப் பலகையில் என்ன எழுத்து, இதே படம் போன வருஷம் எங்காவது வந்திருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். காஸாவிலிருந்து படங்கள் வரத் தொடங்கிய 2023 அக்டோபருக்குப் பிறகு அந்தப் பாடம் இன்னும் தேவைப்பட்டது. ஏனென்றால் ஒரு பொய்ப் படம் பிடிபட்டால் உண்மையாகச் செத்த பிள்ளையையும் பொய் என்று சொல்ல ஆள் வந்துவிடுகிறது. அது எனக்குத் தாங்கவில்லை.

எந்தச் சேனலும் அவ்வளவாகக் காட்டாத சண்டையும் இருக்கிறது. சூடானில் 2023 ஏப்ரல் 15 அன்று இரண்டு தளபதிகள் மோதிக்கொண்டார்கள். தேர்தலைக் கொண்டுவருவோம் என்று சொல்லி ஒன்றாக ஆட்சியைப் பிடித்தவர்கள். ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். பிள்ளைகளுக்கு அதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, பள்ளிக்குப் பின்னால் கண்மாய்க் கரையில் இருக்கும் கருவேல மரத்தடிக்குக் கூட்டிப் போனேன். இதன் உறவுக்கார மரத்திலிருந்து எடுக்கிற அரபிப் பிசினில் பெரும்பகுதி உலகத்துக்குச் சூடானிலிருந்துதான் வருகிறது, நீங்கள் குடிக்கிற குளிர்பானத்திலும் அது சேர்கிறது என்றேன். அந்த நாட்டிலிருந்து ஓடிய குடும்பங்கள் பல இன்று சாட் நாட்டு எல்லையில் கூடாரத்தில் இருக்கின்றன. ஒரு பையன் மரத்தில் கசிந்திருந்த பிசினை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “அங்க எப்ப டீச்சர் எலெக்சன்?” என்னிடம் பதில் இல்லை.

எங்கள் பள்ளியில் முகாம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அரசாங்கப் பெயர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம், பேச்சில் எல்லோருக்கும் கேம்ப்தான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். மதுரையில் பிறந்தவள், எங்கள் பேச்சுதான் பேசுவாள். அவள் அம்மாவுக்கு முகாமுக்குள் வந்தபோது ஐந்து வயது. அம்மம்மா 1990இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர். மூன்று பேருக்கும் இந்தியாவில் ஓட்டு இல்லை. இலங்கையிலும் போட முடியாது. தமிழ்நாட்டு முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்த நிலையில் இருக்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைக் குறிப்பிட்டது, இலங்கை அதில் இல்லை. ஜெயிப்பது தோற்பது எல்லாம் அப்புறம். இவர்களை எந்தப் படிவத்திலும் யாரும் கையெழுத்துப் போடக் கூப்பிடவே இல்லை. அப்பாவின் பாடத்தில் இந்தப் பக்கம் விடுபட்டிருந்தது. அதை இந்தப் பெண் எனக்குச் சொல்லித் தந்தாள்.

போன வருஷம் பள்ளி மாணவர் தலைவர் தேர்தலை ஒழுங்காக நடத்துவோம் என்று முடிவு செய்தேன். வாக்குச்சீட்டு அடித்து, அட்டைப்பெட்டிக்குக் காகிதம் ஒட்டி, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஓர் ஏஜெண்டு வைத்து, முடிந்ததும் கணக்குத் தாளில் எல்லா ஏஜெண்டுகளும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். முதல் நாள் சாயங்காலம் அந்தப் பெண் என்னிடம் தனியாக வந்து, “கேம்ப் பிள்ளைகளும் போடலாமா டீச்சர்?” என்று கேட்டாள். தொண்டை அடைத்துக்கொண்டது. போடலாம் என்று தலையாட்டினேன். மறுநாள் வரிசையில் முதலில் நின்றாள். முத்திரை மையைத் தொட்டு அவள் ஆள்காட்டி விரலில் கோடு போட்டேன். அவள் போட்ட பிள்ளை பதினொரு ஓட்டில் தோற்றது. அந்தப் பிள்ளையின் ஏஜெண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிப்போனான்.

மறுநாள் காலை அந்த விரலில் மை அப்படியே இருந்தது. சாப்பிடும்போதும் படாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அம்மம்மாவிடம் காட்டினாளாம். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விரலை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தாராம்.

“என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“நான் கடைசியாப் போட்டது குடத்துக்குப் பிள்ளைன்னாங்க டீச்சர். குடம்னா எந்தக் கட்சி?”

கரும்பலகையைத் துடைத்து, 1977 என்று எழுதினேன்.